தண்டுவடக் காயத்துடன் வாழ்வோருக்கு இணையவழி மருத்துவ உதவி: எதை எதற்குத் தேர்வது?

தண்டுவடம் பாதிக்கப்பட்ட ஒருவர் மருத்துவரைப் பார்த்துவர ஒரு நாள் முழுவதும் ஆகிவிடுகிறது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், அங்கிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து மீண்டும் நாற்காலிக்கும் இடம் மாற வேண்டும். சிறுநீரை வெளியேற்றும் குழாயான கதீட்டரைப் போடும் நேரத்தையும் மலம் கழிக்கும் நேரத்தையும் பயணத்துக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். பல மணி நேரம் ஒரே இருக்கையில் அமர்ந்திருக்கையில் புட்டத்து எலும்பு முனைகளின் கீழுள்ள தோல் நசுங்குவதால், படுக்கைப்புண்ணைக் காட்டச் சென்றவர் இன்னொரு புண்ணோடு திரும்புவதும் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் 1.5 கோடிக்கும் மேற்பட்டோர் தண்டுவடக் காயத்துடன் வாழ்கிறார்கள். ஆனால் இந்தக் காயத்தையே தொழிலாகக் கற்ற மருத்துவர்களும் செவிலியர்களும் ஒரு சில மறுவாழ்வு மையங்களில் மட்டுமே இருக்கிறார்கள். இணையவழி உதவி மற்ற நோயாளிகளுக்கு வசதி என்றால், இவர்களுக்கு அது பல நேரங்களில் நிபுணரை அடைய உள்ள ஒரே வழி.

இன்று அந்த உதவி பல வடிவங்களில் கிடைக்கிறது. செயலியைத் திறந்ததும் யாரோ ஒரு மருத்துவர் வந்து பேசும் உடனடி வீடியோ ஆலோசனை ஒன்று. சிகிச்சை பெற்ற மறுவாழ்வு மையமே நடத்தும் தொடர் ஆலோசனை மற்றொன்று. செவிலியருக்குப் படமும் செய்தியும் அனுப்பிப் பதில் பெறும் முறை, உள்ளூர் மருத்துவர் அருகில் இருக்க நிபுணர் திரையில் இணையும் கூட்டு ஆலோசனை, வீடியோ வழி இயன்முறை சிகிச்சை, மனநல ஆலோசனை, நம்பகமான தகவல் தளங்கள், இதே காயத்துடன் வாழும் சக மனிதர்களின் துணை, அண்மைக்காலமாகச் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகள் எனப் பட்டியல் நீள்கிறது. இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பயனுள்ள விடை கிடைக்காது. எந்தச் சிக்கலுக்கு எது என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும்போதும் என் தீர்ப்பில் ஓர் அளவுகோல் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னே நிற்கிறது: மறுமுனையில் இருப்பவருக்கு உங்கள் உடலின் வழக்கமான நிலை தெரியுமா? தண்டுவடம் பாதிக்கப்பட்ட உடலின் வழக்கமான நிலை பாடநூலில் உள்ள வழக்கமான நிலையிலிருந்து மாறுபட்டது. அந்த வேறுபாட்டை அறியாதவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் தவறான இடத்தில் நிம்மதி அடைவார், தவறான இடத்தில் பதறுவார்.

எந்த இணையவழி உதவிக்கும் கொண்டுபோகக் கூடாதவை

தேர்வைத் தொடங்கும் முன் சிலவற்றை முழுவதுமாக ஒதுக்கிவைக்க வேண்டும். அவற்றில் முதன்மையானது அட்டானமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா. தண்டுவடத்தின் மார்புப் பகுதியில் 6-ஆம் கண்டத்திலோ (பிரிவிலோ) அதற்கு மேலோ காயம்பட்டவர்களுக்கு, காயத்துக்குக் கீழே ஏதேனும் ஒரு தொந்தரவு ஏற்பட்டால், மூளையின் கட்டுப்பாடு அங்கே எட்டாததால் இரத்தக் குழாய்கள் இறுகி, இரத்த அழுத்தம் திடீரென்று ஏறுகிறது. சிறுநீர்ப்பை நிரம்பியிருப்பதோ கதீட்டர் குழாய் மடங்கியிருப்பதோதான் பெரும்பாலும் காரணம். மலம் இறுகியிருப்பது, இறுக்கமான ஆடை, தோலில் புண், சதைக்குள் வளர்ந்த கால்நகம் ஆகியவையும் இதைத் தூண்டும். தலை வெடிப்பது போன்ற வலி, முகமும் கழுத்தும் சிவத்தல், காயத்துக்கு மேற்பட்ட பகுதியில் வியர்த்துக் கொட்டுதல், மூக்கடைப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். கவனிக்காமல் விட்டால் வலிப்பும் மூளை இரத்தக்கசிவும் உயிரிழப்பும் நேரலாம்.

இங்கே எண்களைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கழுத்துப் பகுதியில் காயம்பட்ட பலருக்கு மேல் இரத்த அழுத்தம் இயல்பாகவே 90 முதல் 110 வரைதான் இருக்கும். அதிலிருந்து 20 முதல் 40 வரை ஏறினாலே அது டிஸ்ரிஃப்ளெக்ஸியாவாக இருக்கலாம். வழக்கமாக 95 இருக்கும் ஒருவர் தலைவலியோடு உடனடி வீடியோ ஆலோசனைக்குள் நுழைந்து, கருவியில் 138 காட்டுகிறது என்று சொன்னால், அவரை முன்பின் அறியாத மருத்துவர் அதைக் கவலைப்படத் தேவையில்லாத எண்ணாகவே எடுத்துக்கொள்வார். ஒரு தலைவலி மாத்திரையைச் சொல்லி அழைப்பை முடித்தும் விடலாம். அந்த நேரத்தில் அங்கே தேவைப்படுவது திரை அல்ல. அவரை உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, கால்களைத் தொங்கவிட்டு, இடுப்புப் பட்டையிலிருந்து காலுறை வரை இறுக்கமானவற்றையெல்லாம் தளர்த்தி, கதீட்டரையும் சிறுநீர்ப் பையையும் சரிபார்த்து, சிறுநீர்ப்பையைக் காலிசெய்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அழுத்தத்தை அளந்துகொண்டே இருக்கும் ஒரு மனிதர் தேவை. காரணம் தெரியாமலோ அழுத்தம் இறங்காமலோ இருந்தால் மருத்துவமனை ஒன்றே வழி.

இதே வரிசையில் வேறு சிலவும் உள்ளன. ஒரு கால் மட்டும் திடீரென வீங்குவது இரத்தக் கட்டியாக இருக்கலாம், உணர்வற்ற காலில் தெரியாமல் நேர்ந்த எலும்பு முறிவாகவும் இருக்கலாம். இரண்டையும் படம் பார்த்துப் பிரித்தறிய முடியாது. கழுத்துக் காயம் உள்ளவருக்குச் சளி கட்டி மூச்சு வாங்கினாலும், நடுக்கத்தோடு கடும் காய்ச்சல் வந்தாலும், இதுவரை இருந்த கைபலமோ உணர்வோ குறைந்தாலும், தசை இறுக்கத்தைக் குறைக்கும் பேக்லோஃபென் மருந்தைச் செலுத்தும் பம்பை உடலில் பொருத்தியவருக்குத் திடீரென உடல் முழுதும் இறுக்கமும் அரிப்பும் காய்ச்சலும் வந்தாலும் நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவ்விடங்களில் இணையவழி உதவிக்கு ஒரே ஒரு வேலை உண்டு: அவசரப் பிரிவில் உள்ள மருத்துவருக்கு உங்கள் நிபுணரைத் தொலைபேசியில் இணைத்து, இவருடைய வழக்கமான அழுத்தம் இவ்வளவு, காயம் இன்ன மட்டத்தில் என்று சொல்லவைப்பது.

உடனடி வீடியோவா, பழைய மையத்தின் தொடர் ஆலோசனையா?

அவசரமல்லாத சிக்கல்களில் பெரும்பாலோர் முதலில் நாடுவது உடனடி ஆலோசனையைத்தான். காத்திருக்க வேண்டியதில்லை, நள்ளிரவிலும் யாராவது கிடைப்பார்கள் என்பதால் அந்த நாட்டம் நியாயமானது. சாதாரணச் சளி, ஒவ்வாமை, தீர்ந்துபோன வழக்கமான மருந்துச் சீட்டு ஆகியவற்றுக்கு அது போதும். ஆனால் தண்டுவடக் காயத்தோடு தொடர்புடைய சிக்கல்களில் அதன் குறை எப்படி வெளிப்படுகிறது என்பதற்குச் சிறுநீர்த் தொற்று நல்ல எடுத்துக்காட்டு.

கதீட்டர் பயன்படுத்துவோரில் மிகப் பலருக்குச் சிறுநீரில் எப்போதும் பாக்டீரியா இருக்கும். அறிகுறி எதுவும் இல்லாதபோது அதற்கு ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது என்பதில் மருத்துவ வழிகாட்டுதல்கள் ஒத்துப்போகின்றன. கொடுத்தால், உண்மையான தொற்று வரும் நாளில் மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி வளர்ந்திருக்கக்கூடும். அறிமுகமற்ற மருத்துவரிடம் சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, பரிசோதனையில் கிருமி இருக்கிறது என்று சொன்னால், அவர் வழக்கப்படி "எரிச்சல் இருக்கிறதா?" என்று கேட்பார். அடிவயிற்றில் உணர்வே இல்லாதவருக்கு அந்தக் கேள்வியால் பயனில்லை. விடை எதுவாக இருந்தாலும், கிருமியை வளர்த்து அடையாளம் காணும் கல்ச்சர் சோதனையின் முடிவுக்குக் கூடக் காத்திராமல் ஐந்து நாள் மாத்திரை எழுதப்படுவது வாடிக்கையாகிவிட்டது. மறுவாழ்வு மையத்தின் செவிலியர் கேட்கும் கேள்விகள் வேறு: காய்ச்சல் உண்டா, கால் இறுக்கம் கூடியிருக்கிறதா, இரண்டு கதீட்டர் நேரங்களுக்கு இடையே கசிகிறதா, ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லி வருகிறது, தண்ணீர் குடிப்பது குறைந்ததா, உடல் சோர்ந்திருக்கிறதா? நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் போட்டு, ஒரு முறைக்கு 500 மில்லியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் தொற்றின் வாய்ப்புக் குறைகிறது என்பதால், அவர் பல நேரங்களில் மருந்தைத் தொடாமலே நேர அட்டவணையைத் திருத்திச் சிக்கலைத் தீர்த்துவிடுவார். சுத்தமான முறையில் இடைவிட்டுக் கதீட்டர் போடும் இந்த வழக்கத்தை 1972-இல் ஜாக் லேப்பிடஸ் என்ற அமெரிக்கச் சிறுநீரக அறுவை மருத்துவர் முன்வைத்தார். அதன் பிறகு சிறுநீரகங்கள் காப்பாற்றப்பட்டவர்கள் ஏராளம். அதை ஒருவருடைய அன்றாடத்துக்கு ஏற்றபடி அமைத்துக்கொடுக்க, அவரை அறிந்த ஒருவர் வேண்டியிருக்கிறது.

மையத்தின் தொடர் ஆலோசனையிலும் குறை இல்லாமல் இல்லை. முன்பதிவுக்கு வாரக் கணக்கில் காத்திருக்க நேரும். விடுமுறை நாள்களில் யாரும் எடுக்க மாட்டார்கள். பார்த்துப் பழகிய மருத்துவர் மாறிவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். இருந்தும் சிறுநீர், மலம், தசை இறுக்கம், நரம்பு வலி ஆகிய நான்கிலும் உடனடி ஆலோசனையைவிடக் காத்திருந்து பெறும் ஆலோசனையே மேல் என்று நான் கருதுகிறேன். குறிப்பாக இறுக்கத்துக்கான பேக்லோஃபென் மாத்திரையின் அளவை, உங்களைப் பற்றித் தெரியாத ஒருவர் சொல்லக் கேட்டு மாற்றாதீர்கள். அந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம். அதோடு, இறுக்கம் திடீரென்று கூடியிருக்கிறது என்றால் உடல் வேறொன்றைச் சொல்ல முயல்கிறது என்று பொருள். தொற்றோ புண்ணோ மலச்சிக்கலோ அடியில் இருக்கலாம். மாத்திரையைக் கூட்டினால் அந்தச் சமிக்ஞை மறைந்துவிடும்.

படமும் செய்தியும்: படுக்கைப்புண்ணுக்கு

படுக்கைப்புண் விஷயத்தில் நேரடி வீடியோவைவிட, நன்றாக எடுத்து அனுப்பிய படமே பெரும்பாலும் பயன்படுகிறது. நகரும் கைபேசிக் காட்சியில் நிறமும் விளிம்பும் மங்கிப்போகும். நின்று எடுத்த படத்தைச் செவிலியர் பெரிதாக்கிப் பார்க்கலாம், போன வாரப் படத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். அதற்குப் படம் ஒரே ஒழுங்கில் எடுக்கப்பட வேண்டும். புண்ணைத் துடைத்த பின், கட்டுப் போடும் முன், சன்னல் வெளிச்சத்தில், அளவுகோல் ஒன்றைப் புண்ணின் ஓரத்தில் வைத்து, அதே தூரத்திலிருந்து ஒன்று, சுற்றியுள்ள தோலும் தெரியும்படி தள்ளி நின்று இன்னொன்று என எடுத்து, தேதியையும் உடலின் எந்தப் பக்கம் என்பதையும் எழுதி அனுப்பினால், அந்த இரண்டு படங்கள் பத்து நிமிட உரையாடலைவிட அதிகம் சொல்லும்.

ஆனால் படம் காட்டாதவை உண்டு. கருத்த தோலில் முதல் நிலைப் புண்ணின் சிவப்பு நிறம் படத்தில் தெரியாமல் போகலாம். அந்த இடம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, கல் போல் இறுகியிருக்கிறதா, களிமண் போல் அமுங்குகிறதா என்பதைத் தொட்டுத்தான் அறிய வேண்டும். பராமரிப்பவரின் விரல் அறிந்ததைச் செய்தியில் எழுத வேண்டும். மேலே சிறு துளையாகத் தெரியும் புண் உள்ளே குகையாக விரிந்திருக்கலாம். நாற்றம், சீழ், ஆழத்தில் எலும்பு தட்டுப்படுதல், புண்ணைச் சுற்றிச் சிவந்து பரவுதல், காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் படம் அனுப்பும் கட்டம் முடிந்துவிட்டது. நேரில் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு வாரங்களாக ஒழுங்காகச் சாய்ந்து, திரும்பிப் படுத்து, கட்டு மாற்றியும் புண் சிறிதும் சுருங்காவிட்டாலும் அப்படியே.

தொலைவழி உதவியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நேர்மையான ஆய்வுகள் இருக்கின்றன. இந்தியாவிலும் வங்கதேசத்திலும் படுக்கைப்புண் உள்ள 120 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளியானது. அதில் ஒரு பாதியினருக்கு 12 வாரங்கள், வாரந்தோறும் பயிற்சி பெற்ற ஒருவர் தொலைபேசியில் வழிகாட்டினார். முடிவில் புண்ணின் பரப்பளவில் ஐயத்துக்கு இடமற்ற வேறுபாடு கிடைக்கவில்லை. ஆயினும் வேறு பல அளவைகளில் தொலைபேசி உதவி பெற்றவர்கள் முன்னேறியிருந்தனர். வங்கதேசத்தில் 410 பேரிடம் நடந்த மற்றொரு பெரிய ஆய்வில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 36 தொலைபேசி அழைப்புகளும் 3 வீட்டு வருகைகளும் அளிக்கப்பட்டன. இறப்பின் அளவில் அதனால் மாற்றம் காணப்படவில்லை. இம்முடிவுகளைத் தொலைவழி உதவி வீண் என்று நான் படிக்கவில்லை. அழுத்தம் குறைக்கும் மெத்தையும் நல்ல குஷனும் சத்தான உணவும் திருப்பிப் படுக்கவைக்க ஓர் ஆளும் இல்லாத வீட்டில், சரியான அறிவுரை மட்டும் தோலைக் காப்பாற்றாது என்றே படிக்கிறேன். ஆகவே ஓர் இணையவழிச் சேவையைத் தேர்ந்தெடுக்கையில் அது அறிவுரையோடு நிற்கிறதா, தேவைப்பட்டால் குஷன் வாங்கவும் வீட்டுக்குச் செவிலியரை அனுப்பவும் வழிசெய்கிறதா என்று கேட்பது நியாயமான கேள்வி.

இந்தத் துறையின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கியபோது, போரில் காயம்பட்டு அங்கே வந்த வீரர்கள் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர் வலியுறுத்தியவற்றுள் முதன்மையானது, இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது. செய்ய ஆள் இருந்ததால்தான் அந்த விதி உயிர்களைக் காத்தது.

நிபுணர் திரையில், கைகள் அருகில்

இருக்கும் வழிகளில் குறைவாகப் பேசப்படுவதும், எனக்கு அதிக மதிப்புள்ளதாகத் தோன்றுவதும் கூட்டு ஆலோசனைதான். நீங்கள் உள்ளூர் மருத்துவரின் அறையில் இருக்கிறீர்கள். தொலைவில் உள்ள மையத்தின் நிபுணர் அதே நேரத்தில் திரையில் இருக்கிறார். நிபுணருக்கு அறிவு இருக்கிறது, கைகள் இல்லை. உள்ளூர் மருத்துவருக்குக் கைகள் இருக்கின்றன, இந்தக் காயத்தில் அனுபவம் இல்லை. இருவரும் சேர்ந்தால் வயிற்றை அழுத்திப் பார்க்கலாம், காலின் சுற்றளவை அளக்கலாம், புண்ணின் ஆழத்தைக் குச்சி விட்டுப் பார்க்கலாம், இரத்தமும் சிறுநீரும் அங்கேயே எடுக்கலாம். வயிற்றுக்குள் சிக்கல் வந்தாலும் வலி தெரியாத உடல் இது. குடல்வால் அழற்சிகூடப் பசியின்மையாகவும் கூடிவிட்ட கால் இறுக்கமாகவும் மட்டுமே வெளிப்படலாம். அப்போது தொட்டுப் பார்க்கும் கையும், அந்தத் தொடுதலுக்கு என்ன பொருள் என்று தெரிந்த மனமும் ஒரே நேரத்தில் தேவைப்படுகின்றன.

இதில் இன்னொரு நன்மை நாள்பட விளைகிறது. உள்ளூர் மருத்துவர் இரண்டு மூன்று முறை இப்படி உடனிருந்த பிறகு, அடுத்த முறை தனியாகவே பாதி முடிவுகளை எடுக்கக் கற்றுக்கொள்கிறார். எடுத்துக்காட்டாக, தசை சுருங்கிய உடலில், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் என்ற பொருளின் இரத்த அளவு இயல்பாகவே குறைவாக இருக்கும் என்பதால், அந்த எண் சரியாக இருந்தாலும் சிறுநீரகம் நலம் என்று முடிவுகட்ட முடியாது. தசை அளவைப் பெரிதும் சாராத சிஸ்டாட்டின் சி என்ற இரத்தப் பரிசோதனை அங்கே கூடுதல் நம்பகமானது. இதை ஒருமுறை கேட்ட மருத்துவர் மறக்க மாட்டார். இந்த ஏற்பாட்டுக்குத் தடை பெரும்பாலும் நேரப் பொருத்தம்தான். இரு மருத்துவர்களையும் ஒரே மணியில் பிடிப்பது கடினம். அதனால் இதை ஒவ்வொரு சிறு தேவைக்கும் வைத்துக்கொள்ளாமல், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறையும் புதிதாகப் புரியாத அறிகுறி தோன்றும்போதும் கேட்டுப் பெறுவது நடைமுறைக்கு ஏற்றது.

எந்த ஏற்பாட்டாலும் ஈடுகட்ட முடியாதவையும் இருக்கின்றன. ஊசியாலும் பஞ்சாலும் ஒவ்வொரு கண்டத்தின் உணர்வையும் சோதித்து, ஆசனவாய்ப் பரிசோதனையோடு முடியும் நரம்பியல் மதிப்பீட்டைத் திரை வழியாகச் செய்ய இயலாது. சிறுநீரக ஸ்கேனும் சிறுநீர்ப்பை அழுத்தச் சோதனையும் அப்படித்தான். காயம்பட்டுப் பல ஆண்டுகள் கழித்துத் தண்டுவடத்துக்குள் நீர்க்குழி உருவாகி, உணர்வு மேல்நோக்கிக் குறைந்துகொண்டே போகும் சிரிங்கோமைலியாவை எம்ஆர்ஐ மட்டுமே உறுதிசெய்யும். ஆண்டுப் பரிசோதனையை முழுவதும் இணையத்தில் முடித்துத்தருவதாக ஒரு சேவை சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

உடற்பயிற்சியும் மனமும்

இயன்முறை சிகிச்சையில் வீடியோ ஒரு வகையில் நேர்ப் பயிற்சியையே விஞ்சுகிறது, ஏனெனில் சிகிச்சையாளர் உங்கள் வீட்டைப் பார்க்கிறார். மருத்துவமனையில் சரியான உயரத்தில் இருந்த கட்டில் வீட்டில் நாற்காலியைவிட உயரமாக இருப்பதும், கழிவறைக் கதவு குறுகி நாற்காலி நுழையாமல் இருப்பதும், நாற்காலியில் நீங்கள் ஒரு பக்கமாகச் சரிந்து அமர்வதும் பக்கவாட்டில் வைத்த கைபேசியில் தெளிவாகத் தெரியும். தோள்வலிக்குக் காரணம் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கும். ஆஸ்திரேலிய இயன்முறை மருத்துவர்கள் உருவாக்கிய ஃபிசியோதெரபி எக்சர்சைஸ் என்ற இலவசத் தளத்தில் தண்டுவடக் காயத்துக்கேற்ற பயிற்சிகளைப் படங்களோடு தொகுத்து வைத்திருக்கிறார்கள். சிகிச்சையாளர் அதிலிருந்து தேர்ந்தெடுத்துத் தருவது நல்ல வழி. ஆனால் புதிய இடமாற்று முறையை உடன் ஆள் இல்லாமல் திரையைப் பார்த்துப் பழகுவது ஆபத்து. காயத்துக்குக் கீழுள்ள எலும்புகள் மெலிந்திருப்பதால், முழங்காலருகே சிறு முறுக்கலிலும் எலும்பு முறியக்கூடும்.

மனநல ஆலோசனையில் இணையவழி நேர்வழிக்குப் பெரிதும் பின்தங்குவதில்லை. தண்டுவடக் காயத்துடன் வாழ்வோரில் 20 முதல் 30 சதவீதத்தினர் கவனிக்கத்தக்க மனச்சோர்வு அறிகுறிகளைக் காட்டுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் பலர் ஆலோசகரின் அறை வரை போகவே மாட்டார்கள். இங்கே தடையாக இருப்பது தனிமையின்மை. கைபேசியைப் பிடித்துக்கொள்ளவே அம்மாவோ மனைவியோ கணவரோ தேவைப்படும் ஒருவரால், அவர்களுக்குப் பாரமாகிவிட்டேன் என்ற எண்ணத்தை அவர்கள் முன்னால் எப்படிச் சொல்ல முடியும்? தாம்பத்தியம், பிள்ளைப்பேறு பற்றிய கேள்விகளும் அவ்வாறே. எனவே ஆலோசகரிடம் முதல் அமர்விலேயே இதைச் சொல்லி, கைபேசியைத் தாங்கியில் பொருத்தி, காதுக்கருவி மாட்டி, குரல் கட்டளையால் அழைப்பை முடிக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டு, உடனிருப்பவர் அந்த நேரம் வெளியே இருக்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். எழுதிப் பேசும் வழியை விரும்புவோருக்கு, குரலைக் கேட்டு எழுத்தாக மாற்றும் வசதி இப்போது பெரும்பாலான திறன்பேசிகளில் உண்டு.

தகவல், சக மனிதர்கள், செயற்கை நுண்ணறிவு

படித்துத் தெரிந்துகொள்ள நம்பத்தக்க இடங்கள் இருக்கின்றன. பன்னாட்டுத் தண்டுவடச் சங்கம் 2012-இல் தொடங்கிய இ-லேர்ன்-எஸ்சிஐ என்ற கற்றல் தளம் மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர் என ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பாடங்களை வைத்திருக்கிறது. உங்கள் உள்ளூர் மருத்துவருக்கு அதைக் காட்டுவது உங்களுக்கும் நன்மை. கனடாவின் ஸ்கைர் திட்டம் ஆய்வுச் சான்றுகளைத் தொகுத்துத் தருகிறது. இவற்றுக்கு வெளியே, ஸ்டெம்செல் ஊசியால் மீண்டும் நடக்கலாம் என்று அழைக்கும் விளம்பரங்கள் ஏராளம். முழுமையாகச் செயலிழந்த தண்டுவடத்தை மீட்டுத்தரும் என்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட ஸ்டெம்செல் சிகிச்சை இதுவரை இல்லை. சொத்தை விற்று அங்கே போகிறவர்களை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை.

இதே காயத்துடன் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர் சொல்லித் தருவதை எந்த மருத்துவராலும் தர முடியாது. குஷனில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும், பயணத்தில் சிறுநீர்ப் பையை எங்கே காலிசெய்வது, பராமரிப்பவரிடம் கோபப்படாமல் எப்படிக் கேட்பது என்பவை அவர்களுக்கே தெரியும். மருந்தின் பெயரையும் அளவையும் மட்டும் அவர்களிடமிருந்து வாங்கக் கூடாது. இடுப்புப் பகுதியில் காயம்பட்டவருக்குப் பொருந்தியது கழுத்தில் காயம்பட்டவருக்குப் பொருந்தாது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பொறுத்தவரை, மருத்துவர் எழுதியதைப் புரியும் மொழியில் விளக்கவும், ஆலோசனைக்கு முன் கேள்விகளை ஒழுங்குபடுத்தவும் அவை நல்ல துணை. அறிகுறியைச் சொல்லித் தீர்ப்புக் கேட்பதற்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். காயத்தின் மட்டத்தையும் வழக்கமான அழுத்தத்தையும் நீங்களாகச் சொல்லாவிட்டால், தலைவலிக்கு அது தரும் பதில் தண்டுவடம் நலமாக உள்ளவருக்கான பதிலாக இருக்கக்கூடும். அதன் சரளமான மொழி அந்தப் பிழையை மறைத்துவிடும்.

யாருக்கு எந்தச் சேர்க்கை?

காயம்பட்டு முதல் ஆண்டில் இருப்பவருக்கு, மையத்தின் செவிலியரோடு அடிக்கடி செய்தியும் படமும் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடே முதுகெலும்பு. வீட்டுக்கு வந்த பின் எழும் நூறு சிறு கேள்விகளை வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் வீடியோவுக்குக் காத்திருக்க முடியாது. 6-ஆம் மார்புக் கண்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர் எதில் சேர்ந்தாலும், வீட்டில் ஓர் இரத்த அழுத்தக் கருவியும், கழுத்துக் காயம் என்றால் விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவியும் வைத்துக்கொண்டு, நலமாக இருக்கும் நாள்களில் அளந்து எழுதிவைக்க வேண்டும். விலையுயர்ந்த தொலைக் கண்காணிப்புத் தொகுப்புகளைவிட அந்தத் தாள் பயன்படும். பல ஆண்டுகள் கடந்து நிலைபெற்றவருக்கு அடிக்கடி பேச்சுத் தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு நேர்ப் பரிசோதனையும், இடையே கூட்டு ஆலோசனையும், புதிய அறிகுறிக்குச் செய்தி அனுப்பும் வழியும் போதும். மையமே இல்லாத ஊரில் இருப்பவர், தம் மருத்துவரைக் கூட்டு ஆலோசனைக்கு இசையவைக்க முயற்சியைச் செலவிடுவது மற்றெல்லா வழிகளையும்விடப் பலன் தரும்.

சேவையில் சேரும் முன் நேராகக் கேட்க வேண்டியவை சில. ஒவ்வொரு முறையும் அதே மருத்துவரோ செவிலியரோ கிடைப்பாரா, முந்தைய உரையாடலின் பதிவு அவர் முன் இருக்குமா, அவர் தண்டுவடக் காயத்தில் பயிற்சி பெற்றவரா, செய்திக்கு எவ்வளவு நேரத்தில் பதில் வரும், இரவில் அனுப்பிய செய்தியை யாரும் பார்க்கவில்லை என்றால் அதை உங்களுக்குத் தெரிவிப்பார்களா, அந்தரங்க உறுப்புகளின் படங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன, யார் யார் பார்க்கலாம், அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா? கைவிரல் அசையாதவர் அந்தச் செயலியைக் குரலால் மட்டும் இயக்க முடிகிறதா என்பதைப் பணம் கட்டும் முன் செய்து பார்த்துவிட வேண்டும். சேவைகள் மூடப்படுகின்றன, மையங்களில் ஆள் மாறுகிறார்கள் என்பதால், காயத்தின் மட்டம், வழக்கமான இரத்த அழுத்தம், கதீட்டரின் அளவும் நேரமும், மருந்துகளும் அளவுகளும், ஒவ்வாமைகள், கடைசி சிறுநீரக ஸ்கேனின் முடிவு, புண்களின் பழைய படங்கள் ஆகியவற்றின் பிரதி ஒன்று எப்போதும் உங்கள் கைபேசியிலும் ஒன்று சக்கர நாற்காலிப் பையில் தாளாகவும் இருக்கட்டும்.